மூன்று டிகிரித் தண்ணீர்

ஜனவரி 6, திங்கள்

பெட்டிகள் வந்து சேர்ந்தன. நான் கேட்டதில் ஒன்றுகூட இல்லை.

தங்கத்திலா கேட்டேன்? டைவர் மூச்சுவிடுகிற ரெகுலேட்டரின் தலைக்குள் தண்ணீர் புகாமல் அடைக்கிற மூடிகள், இரட்டை வால்வு வைத்த சிலிண்டர்கள். தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் முன்பே சைட் மேனேஜர் பரணிதரன் சாரிடம் சொன்னேன். "எல்லாம் டெல்லியிலேர்ந்து நேரா சைட்டுக்கே வந்துரும்மா, நீங்க நிம்மதியா வண்டி ஏறுங்க" என்றார். நிம்மதியாக வண்டி ஏறி, பெஞ்சு மாதிரி விறைத்துப்போய் இந்த இமாசல மலையில் வந்து இறங்கி, பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது நம் துறைமுகத்தில் கப்பலடி பார்க்கப் போகும்போது கொண்டுபோகிற அதே பழைய ரெகுலேட்டர்கள். உப்புப் பூத்தது பூத்தபடி. கழுவிக்கூட அனுப்பவில்லை.

அணையின் அடிமதகில் ஒரு மரக்கட்டை சிக்கிக் கதவை மூட முடியாமல் கிடக்கிறது. இறங்கி அறுத்து எடுக்க வேண்டும். இதுதான் வேலை. ஏரியின் ஓரமெல்லாம் ஐஸ் கட்டியிருக்கிறது. தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். மூன்று டிகிரி.

நாங்கள் நான்கு பேர். பரணிதரன் சார். கரையில் கயிறு பிடிக்கவும் தேவைப்பட்டால் இறங்கவும் சூசையண்ணன். கருவிகளுக்கு நான். தண்ணீருக்குள் போகிறவர் யார் என்பது ரயிலில் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஆள். சொல்லாமல் கொள்ளாமல் அந்தமான் வேலைக்குப் போய் எட்டு மாதம் கழித்து முறுக்குப் பொட்டலத்தோடு திரும்பி வந்த அந்த ஆள். பிரிந்து இரண்டு வருஷமாகிறது. இந்தியா முழுக்க வேறு டைவரே இல்லையா?

ஜனவரி 7, செவ்வாய்

தகரக் கொட்டகைதான் என் ஒர்க்‌ஷாப். ஹீட்டர் ஒன்று கொடுத்தார்கள். சாயங்காலம் அதையும் மேனேஜர் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு டிரம்மில் ஏரித் தண்ணீரை நிரப்பி ஐஸ் உடைத்துப் போட்டு, ரெகுலேட்டர்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்துக் காற்றை இழுத்துப் பார்த்தேன். முதலாவது கொஞ்ச நேரம் ஒழுங்காக இருந்தது. பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அப்புறம் காற்று தானாகவே கொட்டியது. ஃப்ரீ ஃப்ளோ. கையால் மூடியும் நிற்கவில்லை. சிலிண்டரை அடைத்த பிறகுதான் நின்றது. தலைப்பகுதியைத் தூக்கிப் பார்த்தேன், ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளை வெளேரென்று ஐஸ்.

எழுதி வைத்துக்கொள்கிறேன், நாளைக்கு யாராவது 'இதெல்லாம் யாருக்குத் தெரியும்' என்று சொல்லக் கூடாது. சிலிண்டருக்குள் நெரித்து அடைத்திருக்கும் காற்று வெளியே வந்து விரியும்போது குளிர்ந்துபோகும். நம் கடலில் சுற்றியுள்ள தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் அந்தக் குளிர்ச்சி நமக்குத் தெரிவதே இல்லை. இங்கே தண்ணீரே உறைகிற பதத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீர் ஐஸாகிவிட்டால் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். மூச்சுவிட வைத்த காற்றெல்லாம் குமிழியாகிப் போய்விடும். இதைத் தடுக்கத்தான் அந்த மூடி.

ஜனவரி 8, புதன்

மூடி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது என்று, செய்யக்கூடியதைச் செய்தேன். எல்லாவற்றையும் பிரித்து, உப்பைக் கழுவி, சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துக் காயவைத்தேன். ஆலன் கீயால் தலைப்பகுதி ஸ்பிரிங்கைத் தளர்த்தி, உள்ளே இருந்து வரும் அழுத்தத்தைக் குறைத்தேன். வாயில் வைக்கிற பகுதியின் ஸ்பிரிங்கை இறுக்கினேன். இப்படிச் செய்தால் காற்று மெதுவாகத்தான் வரும், மெதுவாக வந்தால் குளிர்ச்சியும் குறையும். இழுக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், அவ்வளவுதான்.

அந்த ஆள் வந்து ஒன்றை வாயில் வைத்து இழுத்துப் பார்த்தார்.

"என்னட்டி இது, பாயாசத்தை ஸ்ட்ரா போட்டு இழுக்க மாதிரி இருக்கு? எனக்கு மட்டும் ஸ்பெஷலா இறுக்கி வச்சிருக்கியா?"

"எல்லாத்துக்கும் ஒரே இறுக்கந்தான். வேண்டாம்னா நீங்க மூச்சுவிடாம போயிட்டு வாங்க."

சூசையண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீருக்கு மேலே இருக்கும்போது இதில் மூச்சு இழுக்கக் கூடாது, பட்டனை அமுக்கிப் பார்க்கக் கூடாது, மூச்சு இழுக்கும் அதே நேரத்தில் மிதக்கப் போடுகிற ஜாக்கெட்டில் காற்று ஏற்றக் கூடாது என்று இருவருக்கும் சொன்னேன். அந்த ஆள் வாயில் வைத்துக்கொண்டே தலையாட்டினார். இப்போதுதானே சொன்னேன்!

இந்தக் குளிரில் தலைக்கு ஒன்றும் கட்டாமல் திரிகிறார். என்னிடம் கருநீல மஃப்ளர் ஒன்று கூடுதலாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தேன். யார் எடுத்துக்கொண்டால் எனக்கென்ன.

கருநீலம் அவருக்குப் பொருந்தவே இல்லை.

ஜனவரி 9, வியாழன்

திருத்திய ரெகுலேட்டர்களை மறுபடி ஐஸ் டிரம்மில் போட்டேன். முன்பைவிட நெடுநேரம் தாங்கின. ஆனால் மூன்றில் ஒன்று கடைசியில் உறைந்தேவிட்டது. இறுக்கித் தளர்த்தி எவ்வளவுதான் செய்தாலும் மூடி இல்லாமல் முடியாது என்று டைவர்கள் இருவரிடமும் சொன்னேன், மேனேஜரிடமும் போய்ச் சொன்னேன்.

"மூணுல ரெண்டு நல்லா இருக்குல்ல?"

"எந்த ரெண்டுன்னு தண்ணிக்குள்ள போயா சார் கண்டுபிடிக்கது?"

"ஏம்மா, பத்து நிமிஷ வேலை. கில்பர்ட் என்ன நேத்து வந்த டைவரா?"

"இருபது வருஷ டைவரா இருந்தாலும் அவருக்கு மீனு மாதிரி செவுளா இருக்கு? மூடி வரட்டும், இறங்கலாம். அதுவரைக்கும் நான் ஓகே சொல்ல மாட்டேன்."

அவர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே "நீங்க ரொம்ப எமோஷனலா எடுத்துக்கிறீங்க. ஃபேமிலி மேட்டரை வேலையில கொண்டுவராதீங்க" என்றார்.

ஃபேமிலி மேட்டராம்! வால்வில் ஐஸ் பிடிப்பது ஃபேமிலி மேட்டரா? மூன்று டிகிரித் தண்ணீருக்கு நாங்கள் பிரிந்தது தெரியுமா, சேர்ந்தது தெரியுமா?

ஜனவரி 10, வெள்ளி

காலையில் மேனேஜர் தேன் ஒழுகப் பேசினார். "உங்க மூடி வந்துருச்சும்மா. டவுன் கூரியர் ஆபீஸ்ல இருக்கு. நீங்களே போய்ப் பார்த்து வாங்கிட்டு வந்துருங்க, மாறிடக் கூடாது." ஜீப்பும் கொடுத்தார். மலைப்பாதையில் இரண்டு மணி நேரம். சந்தோஷமாகத்தான் போனேன், முட்டாள்.

கூரியர் கடையில் ஒன்றும் வரவில்லை. அந்தப் பையன் கம்ப்யூட்டரில் தேடு தேடென்று தேடினான். எங்கள் கம்பெனி பெயரில் எதுவும் கிளம்பவே இல்லை என்றான்.

திரும்பி வரும் வழியில் எங்கள் இன்னொரு ஜீப் எதிரே வந்தது. நிற்காமல் போயிற்று. பின் சீட்டில் சூசையண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் கருநீல மஃப்ளர்.

வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

ஜனவரி 11, சனி

கில்பர்ட் உயிரோடு இருக்கிறார்.

நுரையீரலில் காயம் என்கிறார் டாக்டர். இருமினால் ரத்தம் வருகிறது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஒரு காதில் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு நாள் பார்த்த பிறகுதான் எதையும் சொல்ல முடியுமாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சூசையண்ணன் சொன்னது: நான் கிளம்பிய அரை மணியில் இறக்கியிருக்கிறார்கள். மதகடியில் போய் மரத்தில் ரம்பத்தை வைக்கும்போதே காற்று கொட்ட ஆரம்பித்திருக்கிறது. "மேல தண்ணி அப்படியே கொதிக்க மாதிரி பொங்குச்சு பிள்ளா. கயித்த இழுத்தான். நான் ஏத்தினேன். பாதியில கயிறு எங்கயோ மாட்டிக்கிச்சு. மாட்டினது விடுபடுததுக்குள்ள சிலிண்டர் காலி. வெறும் வாயோட மேல வந்தான்." அண்ணன் தன் உள்ளங்கைகளை என்னிடம் காட்டினார். தோல் வழன்றிருந்தது.

மேனேஜர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். ஆரஞ்சு!

வராந்தாவில் என்னைத் தனியே கூப்பிட்டு, "பாருங்கம்மா, இதுல ரெண்டே சான்ஸ்தான். ஒண்ணு, டைவர் பயந்துட்டான். இல்ல, டெக்னீஷியன் செட்டிங்ல தப்பு. எதுன்னு அணைக்காரங்க கேப்பாங்க. யோசிச்சு வைங்க" என்றார்.

மூன்றாவது ஒன்று இருக்கிறதே, ஆரஞ்சுப் பையோடு என் எதிரே நிற்கிறதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

ஜனவரி 12, ஞாயிறு

ரத்தம் குறைந்திருக்கிறது. கஞ்சி குடித்தார். உப்பு இல்லை என்று முகத்தைச் சுளித்தார். பிழைத்துக்கொள்வார்.

ஜனவரி 13, திங்கள்

நாளை அணை அலுவலகத்தில் விசாரணை. எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் நேகி மேடம் எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறார். டாக்டர் ஒரு மணி நேரம் மட்டும் என்று கில்பர்ட்டுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார்.

கட்டிலில் படுத்தபடியே அவர் சூசையண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "நான்தான் பயந்துட்டேன்னு சொல்லிரப் போறேன். விடும்."

எனக்கு வந்ததே கோபம். நர்ஸ் ஓடி வருகிற அளவுக்குக் கத்திவிட்டேன்.

"நீங்க பயந்தியளா? காத்து கொட்டுது, கயிறு மாட்டிக்கிட்டு, அதுலயும் மூச்ச வெளிய விட்டுக்கிட்டே மேல வந்துருக்கிய. இல்லன்னா நெஞ்சு வெடிச்சிருக்கும்னு டாக்டர் சொல்லுதாரு. பயந்தவன் செய்யுத வேலையா அது? யாருக்காவ இந்தப் பொய்?"

மூக்குக் குழாயைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மொதல்ல ஏன் இறங்கினிய? மூடி இல்லாம இறங்கக் கூடாதுன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா. எவன் உங்கள இறங்கச் சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் விளையாடுகிறேனோ என்று பார்க்கிற மாதிரி.

"நீதான."

"நானா?"

"பிரிஸ்கா பாத்து ஓகே சொல்லிட்டுத்தான் டவுனுக்குப் போயிருக்கான்னு மேனேஜர் சொன்னாரு. நீ ஓகே சொன்னா வேற என்ன வேணும்? போட்டுக்கிட்டு இறங்கிட்டேன்."

சூசையண்ணனும் தலையாட்டினார். அவரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார் அந்தப் பாவி.

பிறகு கில்பர்ட் மெதுவாகச் சொன்னார். "செட்டிங்ல ஏதோ கை தவறிருக்கும், உன் பேரு கெட்டுரக் கூடாதுன்னு நெனச்சேன். நான் பயந்தேன்னு சொன்னா எனக்கு என்ன, நாலு பேரு சிரிப்பான். ஒனக்கு இந்தத் தொழிலே போயிரும்லா."

அவருக்குக் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நான் வெளியே வந்துவிட்டேன். கழிவறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். தண்ணீர் ஐஸாகக் கொட்டியது.

என் பெயரைத் திருடி அவரைத் தண்ணீருக்குள் தள்ளியிருக்கிறார்கள். இந்த உலகத்தில் அவர் எதை நம்புவார் என்று தேடிக் கண்டுபிடித்து, சரியாக அதையே எடுத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் சென்னையிலிருந்து முதலாளி போன் செய்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது ஒரு கம்யூனிகேஷன் கேப்மா. நாளைக்கு மீட்டிங்ல அந்த மாதிரியே சொல்லிருங்க. யாருக்கும் பாதிப்பு இருக்காது" என்றார். கூசாமல் சொன்ன பொய்க்கு இங்கிலீஷில் பெயர் வைத்தால் அது பொய் இல்லை என்றாகிவிடுமா?

"ஒருத்தருக்குப் பாதிப்பு ஆயாச்சு சார். மூக்குல குழாயோட இருக்காரு" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

ஊரில் பொங்கல். இங்கே நீளமான ஒரு மேசை, சூடு ஆறிய தேநீர்.

நேகி மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும். கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். முதலில் மேனேஜர் பேசினார். கருவிகள் எல்லாம் தரமானவை, டெக்னீஷியன் பரிசோதித்து ஒப்புக்கொண்ட பிறகே இறக்கினோம், டைவர் பதறிவிட்டார். அப்படியே என்னைப் பார்த்து ஒரு புன்னகை. உன்னையும்தான் காப்பாற்றியிருக்கிறேன் என்கிற புன்னகை.

மேடம் கில்பர்ட்டைக் கேட்டார். கில்பர்ட்டுக்கு இந்தி அரைகுறை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "மேரா கல்தி", தப்பு என்னுடையதுதான், என்று ஆரம்பித்தார். நேற்று அத்தனை பேசியும் அதே பாட்டு! மேனேஜர் மேல் பழி போனால் அவர் என்னைச் சும்மா விட மாட்டார் என்று இவருக்குள் ஒரு கணக்கு.

நான் எழுந்துவிட்டேன். மும்பைத் துறைமுகத்தில் இரண்டு வருஷம் கற்ற இந்தி அத்தனையும் வெளியே வந்தது.

"மேடம், இவர் சொல்வது பொய். இவர் என் கணவர், அதனால் இவர் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். நான் ஒப்புதல் கொடுக்கவில்லை. இறங்கக் கூடாது என்றுதான் சொன்னேன். இல்லாத பார்சலை வாங்க என்னை டவுனுக்கு அனுப்பிவிட்டு, நான் சரி என்று சொன்னதாக இவர்கள் இருவரிடமும் சொல்லி இறக்கியிருக்கிறார்கள்."

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். "மேடம், ஷி இஸ் அப்செட்..."

"நான் அப்செட்தான்" என்றேன். "அப்செட் ஆனவர்கள் சொல்வது உண்மையாக இருக்கக் கூடாது என்று ஏதாவது சட்டமா?"

சூசையண்ணன் தமிழிலேயே சொன்னார், "அவ சொல்லுததுதான் நெசம். என் காதால கேட்டேன், பிரிஸ்கா ஓகே சொல்லியாச்சுன்னு இவருதான் சொன்னாரு." நான் மொழிபெயர்க்கப் போனேன். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். கூரியர் கடையின் பெயரைக் கேட்டார். அங்கேயே, எங்கள் எல்லார் முன்னாலும் போன் போட்டார். பேசி முடித்து மேனேஜரைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இனி அவர் இந்த அணைக்குள் கால் வைக்கக் கூடாது. மூடியும் இரட்டை வால்வு சிலிண்டரும் வரும்வரை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதுதான் உத்தரவு.

வெளியே வந்ததும் கில்பர்ட் கேட்டார், "என் கணவர்னு சொன்னியே?"

"பிரிஞ்சு போன ஹஸ்பெண்டுக்கு இந்தியில வேற வார்த்தை தெரியல" என்றேன்.

ஜனவரி 22, புதன்

மூடிகள் வந்துவிட்டன. கொச்சியிலிருந்து விமானத்தில். கேட்டவுடன் அனுப்பியிருந்தால் நான்கு நாள் வேலை.

சூசையண்ணன் இறங்கினார். சிலிண்டரில் இரண்டு வால்வு, ஒவ்வொன்றுக்கும் தனி ரெகுலேட்டர், ஒன்று உறைந்தால் அதை அடைத்துவிட்டு மற்றதில் மூச்சுவிடலாம். இரண்டுக்கும் மூடி போட்டு, அழுத்தம் குறைத்து, முன்தினம் ஐஸ் டிரம்மில் ஒரு சிலிண்டர் முழுவதும் தீரும்வரை ஓடவிட்டுப் பார்த்தேன். கொட்டவில்லை. இதை அண்ணனிடம் நானே நேரில் சொன்னேன்.

குமிழிகள் ஒரே சீராக வந்துகொண்டிருந்தன. மிதவையின் மேல் மண்டியிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரக்கட்டை இரண்டு துண்டாக மேலே வந்தது. அணைக்காரர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. முதல் நாளே இப்படி நடந்திருக்க வேண்டிய வேலை இது. நடக்க வேண்டியது நடந்ததற்கெல்லாமா கைதட்டுவார்கள்?

ஜனவரி 25, சனி

ஊருக்குத் திரும்பும் ரயிலில் சூசையண்ணன் ஒரு செய்தி சொன்னார். பரணிதரனை வேலையை விட்டு நீக்கவில்லையாம். இன்னும் மேலே வடக்கே வேறொரு அணை வேலைக்கு மாற்றிவிட்டார்களாம். ராமேஸ்வரம் பக்கத்து டைவர்கள் இரண்டு பேர் அங்கே போயிருக்கிறார்கள்.

"என்னென்ன பெட்டி போயிருக்கு?" என்றேன்.

"நம்ம பெட்டிதான். பழசு."

யார் யாரையோ பிடித்து அவர்களில் ஒருவனுடைய நம்பர் வாங்கினோம். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. கில்பர்ட் தன் போனையும் எடுத்துக்கொண்டு கதவோரம் போய் நின்று முயன்றுகொண்டே இருந்தார். நாக்பூர் தாண்டித்தான் கிடைத்தது. ஓட்டமாக வந்து என்னிடம் கொடுத்தார்.

"யாருங்க?" என்றது ஒரு குரல். வயது குறைந்த குரல்.

"தம்பி, அங்க தண்ணியில இறங்கிட்டியளா?"

"நாளைக்குக் காலையிலதான் இறங்கப் போறோம். நீங்க யாரு?"

"அந்த ரெகுலேட்டர்ல மூடி கெடையாது. குளிர்ல ஒறைஞ்சு காத்து கொட்டிரும். இறங்காதிய."

"இல்லக்கா, எல்லாம் செக் பண்ணியாச்சு. டெக்னீஷியன் ஓகே பண்ணித்தான் வந்திருக்குன்னு மேனேஜர் சார் சொன்னாரு."

"எந்த டெக்னீஷியன்?"

"தூத்துக்குடியில பிரிஸ்கான்னு ஒருத்தங்களாம். ரொம்ப நல்லா செட் பண்ணுவாங்களாம்."

என் எதிரே இருந்த கில்பர்ட் எழுந்து நின்றுவிட்டார். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ.

"தம்பி, நான்தான் பிரிஸ்கா" என்றேன். "நான் ஓகே சொல்லல. ஒரு தடவ இப்படிச் சொன்னத நம்பி இறங்கின ஆளு இந்தா என் முன்னால நிக்காரு. அவரு இருமுதது கேக்கா?"

போனை அவர் பக்கம் நீட்டினேன். வலிந்து இரும வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவரால் அடக்கத்தான் முடியவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்தேன். ராமேஸ்வரத்துத் தம்பிகள் இருவரும் இறங்கவில்லை. நேகி மேடமே அந்த அணைக்காரர்களுக்குப் பேசிவிட்டார். முதலாளியிடமிருந்து எனக்கு வேலையில்லை என்று தகவல் வந்திருக்கிறது. வழக்கு போடலாம் என்று வக்கீல் ஒருவர் சொன்னார், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். போகத்தான் போகிறேன். கில்பர்ட்டின் இருமல் பற்றி டாக்டர் எழுதியதையும் கேட்டார்.

கில்பர்ட்டுக்கு ஆறு மாதத்துக்குக் கடல் கூடாது. மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னால் செய்வதில்லை. மீன் வாங்கி வரச் சொன்னால் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் கதை.

காலையிலிருந்து துணி துவைத்தேன். ஒரு மனுஷனுக்கு எதற்கு இத்தனை சட்டை? என் கொடியில் இடமே இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டு இன்னொரு கயிறு கட்ட வேண்டும்.